ஏழு மணி வரை நேற்று

ஒரே வேலையை இரண்டாவது முறை செய்யச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு பதிலைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்ன டீச்சரிடம், ஒரு தடவை எழுதினாலே எனக்குப் புரிந்துவிடும், மிச்சம் ஒன்பதும் யாருக்கு என்று கேட்டு, அதற்காகவே இன்னொரு பத்துத் தடவை எழுதியவள் நான். இந்தக் கோபத்தை வைத்துப் பிழைப்பதற்கும் உலகத்தில் ஒரு தொழில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்ற சோம்பேறிகள்தான். ஒரு வேலையை ஒரே தடவை ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து வேண்டிய இடங்களில் எல்லாம் அதையே எடுத்து ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். பஸ்ஸில் அரை மணி நேரம். ஆபீஸ் என்றால் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மூன்று மேசை, ஒரு பிரிண்டர், ஒரு ஏசி. ஏசி ஓடினால் பிரிண்டர் ஓடாது. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நூல் மில்கள், ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற தறிக்காரர்கள், ஆலங்குளத்தில் இருந்து சிமெண்ட் ஏற்றுகிற லாரிக்காரர்கள், பால்கோவாக் கடைக்காரர்கள் என்று யார் வந்து என்ன கேட்டாலும் அண்ணாச்சி முடியாது என்று சொல்லமாட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், எழுதுவது நான்.

அதனால் நான் ஒரு கோப்பு வைத்திருந்தேன். சின்னச் சின்ன நிரல் துண்டுகள், ஒவ்வொன்றும் நாலு வரி, ஆறு வரி. எந்த மென்பொருள் எழுதினாலும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறவை. அதைப் பார்த்த அண்ணாச்சி, பரீட்சைக்குக் கொண்டுபோகிற பிட்டு மாதிரி அல்லவா இருக்கிறது என்றார். அன்று முதல் அந்தக் கோப்புக்குப் பெயரே பிட்டு என்று ஆகிவிட்டது. அவசரமாக ஏதாவது வேலை வந்தால், பிட்டில் இருக்கிறதா பார் என்பார். பெரும்பாலும் இருக்கும்.

நிரல் துண்டுக்கு மேலே அது என்ன செய்யும் என்று ஒரு வரி குறிப்பு எழுதி வைப்பதுதான் முறை. நான் அது எப்படிப் பிறந்தது என்று எழுதி வைத்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் பெயர் எழுதுகிற அழகைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஒரே ஆள் இனிஷியலை ஒரு நாள் முன்னால் போடுவார், ஒரு நாள் பின்னால் போடுவார், புள்ளி வைப்பார், மறந்துபோவார், பட்டாளத்தில் இருந்தவராக இருந்தால் அதையும் பெயரோடு சேர்த்துக்கொள்வார். இனிஷியலைப் பிரித்து ஒழுங்கு செய்கிற துண்டுக்கு மேலே நான் எழுதியிருந்தது இது: 'ஒரே ஆளுக்கு மூன்று அடையாள அட்டை அடித்துக் கொடுத்த அன்று எழுதியது. மூன்றையும் அவரே வந்து வாங்கிக்கொண்டார்.' போன் நம்பரில் இருக்கிற இடைவெளியையும் முன்னால் ஒட்டியிருக்கிற பூஜ்யத்தையும் எடுக்கிற துண்டுக்கு மேலே இப்படி: 'கான்சாபுரத்து விவசாயிக்குப் போகவேண்டிய மாட்டுத் தீவனம் தயார் என்ற மெசேஜ் ஒரு கல்லூரி முதல்வருக்குப் போன அன்று.' ஐந்நூறு கிராமை அரைக் கிலோ என்று காட்டுகிற துண்டுக்கு மேலே: 'பால்கோவாக் கடை. கொடுத்துவிட்ட கால் கிலோவை பஸ் மடவார் வளாகம் தாண்டுவதற்குள் முடித்தேன்.'

இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தேன். நாலு வரி எழுதி, ஓடவிட்டு, அது முதல் தடவையிலேயே சரியாக ஓடும்போது வருகிற சந்தோஷத்தை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. யாரும் பார்க்காவிட்டால் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன்.

அப்படி ஒரு சுற்றுச் சுற்றவைத்த துண்டுதான் என் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட காணாமல் அடித்தது.

அது ஒரு நூல் மில்லுக்காக எழுதியது. மில்லில் மூன்று ஷிப்ட். மூன்றாவது ஷிப்ட் ஆட்கள் ராத்திரி உள்ளே போய் மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே வருவார்கள். காலண்டர் பன்னிரண்டு மணிக்குத் தேதியை மாற்றிவிடும். மில் மாற்றாது. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதினால்தான் அங்கே அடுத்த நாள் பிறக்கும். பன்னிரண்டரைக்குக் கேட்டுக்குள் வந்தாலும் சரி, விடிகாலை நாலு மணிக்கு வந்தாலும் சரி, அவர் முந்தின நாள் ஆள்தான். இது மில்லில் வேலை பார்க்கிற யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். எங்கள் மென்பொருளுக்கு மட்டும் தெரியாமல் போய், மூன்றாவது ஷிப்டில் பாதிப் பேர் வரவே இல்லை என்று காட்டிவிட்டது. மேஸ்திரி ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். நான் அவர் கண் முன்னாலேயே நாலு வரி எழுதினேன். மணி ஏழுக்கு முன்னால் என்றால் தேதியில் ஒன்றைக் குறை. அவ்வளவுதான். வராத ஆட்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றார்கள். மேஸ்திரி எழுந்து போனதும் நாற்காலியில் இரண்டு சுற்று.

குறிப்பில், 'விடியும் முன் வந்தவர் நேற்றைய ஆள். மேஸ்திரி சொன்னது' என்று எழுதினேன். துண்டுக்குப் பெயர் வைக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு, 'நாள்' என்று மட்டும் வைத்தேன். அந்த ஒரு சோம்பல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒன்றரை வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, எந்த நாள் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று காட்டுகிற மென்பொருள் கேட்டார்கள். அந்த மண்டபத்தின் மேனேஜர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர்தான். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கினால்கூட கயிறு பிடித்து அடுக்குவார். ஒரு பெரிய நோட்டில் எல்லாத் தேதிகளையும் அச்சு மாதிரி எழுதி வைத்திருந்தார். இனிமேல் நோட்டு எதற்கு, மூடி வைத்துவிடுங்கள் என்று சொன்னது நான்தான். சிவப்பு என்றால் கொடுத்தாகிவிட்டது, வெள்ளை என்றால் காலி. சொந்த ஊர் மண்டபம் என்பதால் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். முகூர்த்தத் தேதியையும் நேரத்தையும் வாங்கி ஒழுங்கு செய்ய பிட்டில் தேடினேன். 'நாள்' இருந்தது. மேலே எழுதியிருந்த குறிப்பைப் படிக்கவில்லை. நானே எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும்? எடுத்து ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த தடவை பிரிண்டர் சரிசெய்ய மண்டபத்துக்குப் போனபோது மிலிட்டரிக்காரர் என்னைப் பாராட்டினார். விடிகாலைக் கல்யாணம் என்றால் ஜனங்கள் எல்லாம் முந்தின நாளே மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடுவார்கள், உங்கள் கம்ப்யூட்டருக்கு அதுகூடத் தெரிந்திருக்கிறது, சரியாக மண்டபத்தைத் திறந்துவிடுகிற நாளையே சிவப்பாகக் காட்டுகிறது என்றார். எனக்கு அவர் சொன்னது பாதி காதில் விழவில்லை, பாதி புரியவில்லை. ஆனாலும் பாராட்டு என்பது மட்டும் புரிந்தது. எல்லாம் யோசித்துத்தானே ஐயா எழுதியது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்குப் பிறகு. மாப்பிள்ளைக்கு ஊர் வ. புதுப்பட்டி, வேலை பட்டாளத்தில். எங்கோ வடக்கே மலைமேல் இருந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு மாத லீவு. முகூர்த்தம் ஒரு திங்கட்கிழமை விடிகாலை நாலரையில் இருந்து ஆறு மணிக்குள். அதை விட்டால் அவருடைய லீவுக்குள் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவருகிற முகூர்த்தம் இல்லை. அப்பா அந்த மண்டபத்தையே பேசி முடித்துவிட்டு வந்தார். ஒரு கல்யாணத்தில் இருந்து இன்னொரு கல்யாணத்துக்கு ஓடுகிற மாதம் அது. இரண்டு ஊரிலும் ஒரு மண்டபமும் காலி இல்லை.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ராஜபாளையத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த தையல் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மில் ஒன்றின் லேபில் நூல் பரிசோதிக்கிற வேலை. எப்போது வேண்டும் என்று தையலக்கா கேட்க, திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம் என்றாள். எனக்கும் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. எந்த ஊரில் என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மண்டபத்தின் பெயரைச் சொன்னாள். அதே மண்டபம். அதே திங்கட்கிழமை. அவளுக்கு ஒன்பதில் இருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தையலக்கா தைப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த இடத்திலேயே மிலிட்டரிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"ஒங்க வீட்டுக் கல்யாணம் ஞாயித்துக்கெழம, அவிய வீட்டுது திங்கக்கெழம. கம்ப்யூட்டர பாத்துத்தான சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலரை மணி. ஏழுக்கு முன்னால். தேதியில் ஒன்றைக் குறை. என் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் மூன்றாவது ஷிப்ட் ஆட்களாக ஆகிவிட்டார்கள். ஒன்பது மணிக் கல்யாணம் எதுவும் நகரவில்லை, விடிகாலைக் கல்யாணம் அத்தனையும் ஒரு நாள் முன்னால் போயிருக்கிறது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், முந்தின நாளே வந்து இறங்குகிற எங்கள் பழக்கம்தான். மண்டபம் எப்படியும் சரியான நாளில்தான் திறந்தது. ஒரே நாளில் விடிகாலையில் ஒன்றும் ஒன்பது மணிக்கு ஒன்றும் வந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்படி வந்து சேர்ந்த முதல் ஜோடியில் ஒருத்தி நானே.

என்ன ஆச்சு என்று அந்தப் பெண் கேட்டாள். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மண்டபத்தில் ஏதோ குழப்பம், சாயங்காலம் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய் நிரலைத் திறந்தேன். நான் நினைத்தது சரி. அவ்வளவு சரியாக நினைத்ததற்காக அன்று நாற்காலியில் சுற்றத் தோன்றவில்லை. மற்ற முகூர்த்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு எந்த நாளிலும் இரண்டு கல்யாணம் விழவில்லை. பாதகம் எங்கள் இருவருக்கு மட்டும். நியாயப்படி மண்டபத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவள் நான்.

சாயங்காலம் மண்டபத்தில் கயிறு பிடித்து அடுக்கிய நாற்காலிகளில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். நான், என் அப்பா, அந்தப் பெண், அவளுடைய அப்பா, மிலிட்டரிக்காரர். அவளுடைய அப்பா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வேட்டி கசங்காமல் உட்காரத் தெரிந்த அமைதியான மனிதர். என் அப்பா அதற்கு நேர் எதிர். மண்டபத்துக்குள் நுழையும்போதே, வேண்டப்பட்டவர்களுக்காக எங்கள் நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா என்று மிலிட்டரிக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டபடிதான் வந்தார். மிலிட்டரிக்காரர் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொண்டார். தப்பு என்னுடையதுதான், நோட்டை மூடியவன் நான், முதலாளியிடம் நானே சொல்லி வேலையை விட்டுவிடுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தபடி சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அய்யா மேல ஒரு தப்பும் இல்ல. நான் எழுதுன நாலு வரி செஞ்ச வேல இது. மண்டபம் அவியளுக்கே இருக்கட்டும்."

பிறகு மில்லின் ஏழு மணிக் கதையை ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது என்பதால் மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பெண் மில் ஆள் அல்லவா, பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் சாப்ட்வேர் எழுதிக் குடுத்துட்டு, ஒங் கல்யாணத்தையே மூணாவது ஷிப்டுல சேத்துட்டியே."

அவ்வளவுதான், அந்தப் பெண் வாயில் இருந்து கையை எடுத்துவிட்டாள். அவள் அப்பாவும் சிரித்தார். அழுகைக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்து புரை ஏறியது. சிரிக்காமல் இருந்தது மிலிட்டரிக்காரர் மட்டும்தான். அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"பர்வாலேதும்மா" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது. "எங்க முகூர்த்தம் ஒம்பதுக்குத்தான. நீங்க ஆறு மணிக்கெல்லாம் முடிச்சிருவீங்க. பொறவு என்ன, ரெண்டையும் இங்கயே வச்சிக்கிட்டா ஆவாதா?"

மிலிட்டரிக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்துபோய் மூடி வைத்த நோட்டை எடுத்து வந்தார். ஒரு பக்கத்தில் கோடு போட்டு, பட்டாளத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகிற மாதிரி திட்டம் போட்டார். ஞாயிறு சாயங்காலம் மாடி ஒரு வீட்டுக்கு, கீழ்த்தளம் ஒரு வீட்டுக்கு. நாலரைக்கு எங்கள் மேளம். ஆறுக்குத் தாலி கட்டி முடிந்திருக்க வேண்டும். ஏழரை வரை போட்டோ. எட்டு மணிக்கு மேடையில் எங்கள் ஆள் ஒருவர்கூட நிற்கக்கூடாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்காரர் என்பது அப்போதுதான் தெரியவந்தது, அவரும் இரண்டையும் தனித்தனி நாள் என்று நினைத்திருந்தாராம். அதனால் காலைச் சாப்பாடு மொத்தப் பேருக்கும் எங்கள் வீடு, மதியச் சாப்பாடு மொத்தப் பேருக்கும் அவர்கள் வீடு என்று முடிவானது. வாழை மரம் கட்டுவது ஒரே தடவை. மேடை அலங்காரம் ஒரே தடவை. மேளக்காரர்கள் ஒரே குழு. எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை என்று மிலிட்டரிக்காரர் அடிக்கோடு போட்டபோது எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. என் இனத்து ஆள் அவர்.

அன்று இரவு மலைமேல் இருந்தவருக்குப் போன் கிடைத்தது. நாளைக்கு ரயில் ஏறப் போகிறவரிடம் சொல்லவேண்டிய சேதியா இது என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவருடைய அண்ணன் மூன்றாவது ஷிப்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவராம், அதனால் அவருக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையே வந்து நிற்கட்டுமா என்று மட்டும் கேட்டார். இவரோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்கு உறுதியானது அந்தக் கேள்வியில்தான்.

திங்கட்கிழமை என் கல்யாணம் நடந்தது. ஐந்தே கால் மணிக்குத் தாலி கட்டினார். அந்த நேரத்துக்கு மண்டபத்தில் உட்கார இடம் இல்லை, ஏனென்றால் ஒன்பது மணிக் கல்யாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் ராத்திரியே வந்து இறங்கியிருந்தார்கள். சத்தம் கேட்டு எழுந்து, குளித்து, தலைவாரி, எங்கள் கல்யாணத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு, யார் அடுத்த கல்யாணம் என்று தெரியாமல் என் சித்தப்பா பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தார். அட்சதையில் பாதி முகம் தெரியாதவர்கள் போட்டது. காலைச் சாப்பாட்டுக்கு இட்லியும் பொங்கலும் வடையும், இலை ஓரத்தில் ஒரு கரண்டி பால்கோவாவும். அந்தப் பெண் அலங்காரம் பாதியில் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பூ வைத்த தலையோடு கீழே இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டாள். மணி ஏழாகப் போகிறது, சீக்கிரம் சாப்பிடு, இல்லாவிட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும் என்றாள்.

எட்டு மணிக்கு மிலிட்டரிக்காரர் விசில் ஊதினார். நிஜமாகவே ஊதினார். மேடையில் இருந்து எங்களை இறக்கிவிட்டு, தெர்மாகோல் எழுத்துகளில் இருந்த எங்கள் பெயர்களைப் பிய்த்து அவர்கள் பெயர்களை ஒட்டினார்கள். இரண்டு ஜோடிப் பெயர்களுக்கும் பொதுவாக இருந்த எழுத்துகளை இடம் மட்டும் மாற்றி ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதே மேடை, அதே விளக்கு, அதே நாதஸ்வரம். உள்ளே உட்கார்கிற ஆள் மட்டும் வேறு. கல்யாணக் கோலத்தில் நின்றுகொண்டு, இது நான் எழுதுகிற துண்டு நிரல்தானே என்று நினைத்துச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று இவர் கேட்டார். விளக்கினேன். கல்யாணமான மூன்றாவது மணி நேரத்தில் மனைவி நிரல் பாடம் நடத்தியதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதரை மணிக்கு அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியபோது நான் முன் வரிசையில் இருந்து அட்சதை போட்டேன். மதியம் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. பருப்புப் பொடியும் நெய்யும் ஆவக்காய் ஊறுகாயும் என் அப்பாவை அப்படியே கட்டிப்போட்டுவிட்டன. மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே, ஒனக்கு ஒன்பது மணி முகூர்த்தமே பாத்திருக்கலாம் என்றார்.

அடுத்த வாரம் ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக அந்தத் துண்டை இரண்டாக்கினேன். ஒன்றுக்கு 'மில் நாள்', ஒன்றுக்கு 'காலண்டர் நாள்' என்று முழுப் பெயர் வைத்தேன். அண்ணாச்சி பிட்டைத் திறந்து, அதற்கு மேலே நான் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். குறிப்பு இதுதான்: 'எடுத்து ஒட்டும் முன் படிக்கவும். நானும்தான்.' இரண்டு மாதம் கழித்து மிலிட்டரிக்காரர் போன் செய்தார். பழைய தப்பு மறுபடி வந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். அது இல்லையாம். அன்றைக்குச் சாப்பிட்டுப் போனவர்களில் இரண்டு வீட்டார் வந்து, எங்களுக்கும் அந்த மாதிரி ஒரே நாளில் இரண்டு கல்யாணமாக வைத்துக்கொடுங்கள் என்று கேட்கிறார்களாம். அந்தத் தப்பைத் திரும்ப வைக்க முடியுமா அம்மா என்றார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இவர் இன்னும் பட்டாளத்தில்தான் இருக்கிறார். லீவில் வந்தால் வீடு நிறைந்திருக்கும், போனால் போனை நம்பித்தான் பிழைப்பு. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஒன்பது மணிக்காரி சரியாக ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். இவர் எங்கிருந்தாலும் அதற்கு முன்பே, ஐந்தே காலுக்குக் கூப்பிட்டிருப்பார்.

போன வருஷம் கூப்பிடவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் போட்டிருப்பார்கள் என்று அறிவுக்குத் தெரியும். அறிவை யார் கேட்டது? ஒன்பது மணிக்காரி கூப்பிட்டபோது இவர் பேசிவிட்டார் என்று பொய் சொன்னேன். ஆபீசில் போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கோபம் வந்தது. பயம் வரக்கூடாது என்பதற்காக அந்தக் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். படுக்கும்போது, நாள் முடிந்தது, இனி கூப்பிட்டாலும் எடுக்கப்போவதில்லை என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். எடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்தவள் இரண்டாவது மணிக்கே எடுத்தேன். குரல் கேட்டதும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது. கல்யாண நாள் நேற்றோடு முடிந்துபோனது என்றேன்.

"மணி என்னட்டி ஆவுது?" என்றார்.

சுவரைப் பார்த்தேன். அஞ்சே முக்கால் என்றேன்.

"ஏழு ஆகலயே. ஒன் கணக்குல இன்னும் நேத்துதான."

ஏழு அடிக்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் சிக்னல் இருந்தது.